நிலக்காட்சி வரைய ஊட்டிக்குத்தான் போக வேண்டுமா?

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து "இயற்கைக் காட்சி வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பத்தே நிமிடத்தில் முக்கோணமாக இரண்டு மலைகள் முளைத்துவிடும். நடுவில் பாதிச் சூரியன், அதைச் சுற்றிக் குச்சி குச்சியாகக் கதிர்கள். அடிவாரத்தில் கிளம்பும் ஆறு வளைந்து வளைந்து வந்து தாளின் ஓரத்தில் விழும். கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை, வானத்தில் நாலு பறவை. குன்னூர்ப் பிள்ளை இப்படி வரைந்தால் சரி. கண்ணுக்கெட்டிய தூரம் மட்டும் மேடென்று ஒன்றையே பார்க்காத வேதாரண்யத்துப் பிள்ளையும் இதையேதான் வரைகிறது.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அழகு நம் ஊரில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்ற எண்ணம் பெரியவர்களிடமிருந்து அவர்களுக்குப் போனது. வார இறுதியில் ஓவிய வகுப்புக்குப் போகும் பெரியவர்களின் நோட்டைப் புரட்டினாலும் கதை அதுதான்: இணையத்தில் எடுத்த சுவிட்சர்லாந்து ஏரி, பைன் மரம், பனி மூடிய சிகரம். "நல்ல இடமாகப் போனால்தானே வரைய வரும்? கொடைக்கானல் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். கொடைக்கானலும் போவார்கள். போன இடத்தில் செல்ஃபி எடுக்கவே பொழுது சரியாக இருக்கும்.

பயணத்தால் ஓவியருக்கு லாபம் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நிலக்காட்சி ஓவியத்தின் வரலாற்றில் மனதைவிட்டு அகலாத படங்கள் பலவும் வரைந்தவரின் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பிறந்தவை. நம்மூர் ஓவியம் இன்னும் அந்தத் தூரத்தைச் சரியாக நடந்து பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

நம் வீட்டுச் சுவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காலண்டர் ஓவியத்தின் பிதாமகர் சி. கொண்டைய ராஜு (1898-1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே வீடு வீடாகப் போயின. அந்தப் பாணிப் படங்களில் தெய்வத்துக்குப் பின்னால் பார்த்தால் நீலமலை, ஏரி, பனிமூட்டம் என்று நாடக மேடையின் காட்டுத் திரை அப்படியே இருக்கும். ஓவியர் உட்கார்ந்து வரைந்த ஊரைச் சுற்றியிருந்ததோ கரிசல் காடு. அதே கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் இருந்துகொண்டு கி. ராஜநாராயணன் அந்தக் கறுப்பு மண்ணை எழுத்தில் ஏற்றினார். தஞ்சாவூர் வாய்க்காலுக்குத் தி. ஜானகிராமன் வந்தார், தென்கடற்கரைக்கு வண்ணநிலவன் வந்தார். தமிழ் எழுத்துக்கு அதனதன் மண் கிடைத்துவிட்டது. சுவரில் மாட்டும் படத்துக்கு மட்டும் இன்னும் இமயமலைதான்.

மண்ணை விட்டு நகராமலே பெரிய ஓவியராக முடியும் என்பதற்கு ஜான் கான்ஸ்டபிளைவிட நல்ல சாட்சி கிடையாது. 1776இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஈஸ்ட் பெர்கோல்ட் என்ற கிராமத்தில் பிறந்தவர். தந்தை தானிய வியாபாரி, மாவு ஆலைகளுக்குச் சொந்தக்காரர். பையன் கொஞ்ச காலம் ஆலையிலும் வேலை பார்த்தான். காற்றாலை வைத்திருப்பவனுக்கு மேகமும் காற்றும் பிழைப்பு சார்ந்த விஷயம், சும்மா அண்ணாந்து பார்க்கிற சங்கதி இல்லை. அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று வானத்தை மட்டுமே வரைந்து தள்ளினார். பல படங்களின் பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றடித்த திசை எல்லாம் குறிப்பாக இருக்கின்றன. வானிலை ஆய்வாளர்கள்கூட அவற்றை எடுத்துவைத்து ஆராய்கிறார்கள்.

அக்கால ஓவியர்கள் எல்லோரும் மலையைத் தேடி ஓடியபோது அவரும் ஒருமுறை போனார். 1806இல் மலையும் ஏரியும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட்டில் இரண்டு மாத அளவு தங்கி வரைந்தார். மலைகளின் தனிமை அவர் மனதை அழுத்தியது என்று, பின்னாளில் அவர் வாழ்க்கையை எழுதிய நண்பர் லெஸ்லி பதிவு செய்திருக்கிறார். மனிதர், ஆடுமாடு, படகு, மதகு இவையெல்லாம் இல்லாத இடம் அவருக்கு ஒத்துவரவில்லை. திரும்பிவந்து தந்தையின் ஆலையடி நீரோடையையே வரைந்தார். 1821இல் லண்டன் ராயல் அகாதமியில் வைத்த 'தி ஹே வெய்ன்' அங்கே பிறந்ததுதான்: ஓடைக்குள் நிற்கும் ஒரு கட்டை வண்டி, இடது பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டு வீடு, கரையில் ஒரு நாய். லண்டனில் அப்போது அது விலைபோகவில்லை. 1824இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போய்த் தங்கப் பதக்கம் வாங்கியது. பதக்கத்தை வாங்கக்கூட அவர் கடல் தாண்டவில்லை. ஆயுள் முழுக்க இங்கிலாந்தை விட்டு வெளியே போகாத மனிதர் அவர்.

செசான் இதில் இன்னும் பிடிவாதக்காரர். தெற்கு பிரான்ஸில் தன் ஊரான எக்ஸுக்கு அருகே இருந்த செயின்ட் விக்டோயர் என்ற ஒரே மலையை எண்ணெய்வண்ணத்தில் மட்டும் முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, உடம்பைச் சற்றே இடமும் வலமும் திருப்பினாலே மாதக்கணக்கில் வரைய விஷயம் கிடைக்கும் என்று 1906இல் மகனுக்கு எழுதினார். அடுத்த மாதமே வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது மழையில் சிக்கி, நோய்ப்பட்டு இறந்துபோனார். மோனே நார்வே, வெனிஸ் என்று சுற்றியவர்தான். இருந்தும் அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது வீட்டுக்குப் பக்கத்து வயலில் நின்ற வைக்கோல் போரும், தோட்டத்துக் குளத்து அல்லியும். ஜப்பானின் ஹிரோஷிகே இரண்டையும் செய்தவர். எடோவிலிருந்து கியோட்டோ போகும் சாலையின் 53 தங்கல்களை வைத்து 1830களில் பெயரெடுத்தார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் தன் சொந்த ஊரான எடோவின் பாலத்தையும் படகுத்துறையையும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் அச்சிட்டார். அதில் ஒன்று, திடீர் மழையில் பாலத்தின்மேல் குனிந்து ஓடும் ஆட்கள். அதை 1887இல் வான்கோ பாரிஸில் உட்கார்ந்து நகலெடுத்தார்.

சரி, பயணிகள் தரப்பையும் கேட்போம். நம்முடைய நிலத்தையே படமாக்கிய பயணிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல். 1786இல் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள், வில்லியமுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயதுதான். வடக்கே இமயமலைச் சரிவு வரை போய்வந்து, 1792இல் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டார்கள். பல்லக்கு, மாட்டுவண்டி, கூடாரம், சுமையாட்கள் என்று ஒரு சிறு படையே கூடப்போனது. காட்சியைத் தாளில் விழவைக்கும் இருட்டுப்பெட்டிக் கருவியான கேமரா அப்ஸ்க்யூராவும் கையில் இருந்தது. திருச்சி மலைக்கோட்டை, தஞ்சாவூர் நந்தி, மதுரை நாயக்கர் மகால், பாபநாசம் அருவி என்று வரைந்து தீர்த்தார்கள். இங்கிலாந்து திரும்பி 1795 முதல் 1808 வரை 144 அச்சுப் படங்களாக 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் வெளியிட்டார்கள்.

கேமரா பிறக்காத காலத்தில் நம் கட்டடங்களும் ஆறுகளும் எப்படி இருந்தன என்பதற்கு அந்தப் படங்கள் ஆவணம். அதற்காக எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. முன்னால் ஒரு பெரிய மரம், நடுவே இடிந்த கட்டடம் அல்லது கோபுரம், மூலையில் பொம்மை போல நாலு ஆட்கள், பின்னால் மங்கலான மலை. இங்கிலாந்தில் படித்துவந்த சட்டத்துக்குள் மதுரையைப் பொருத்தியிருக்கிறார்கள். பயணி கண்ணைத் திறந்துகொண்டு வருகிறான், சட்டத்தையும் ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு வருகிறான். தெருமுனையில் இருந்த வேப்பமரமோ, கிணற்றடியோ, களத்துமேடோ அவர்களை நிறுத்தவில்லை. பெரியது, பழையது, விசித்திரமானது, இவை மட்டுமே நிறுத்தின. இன்று மகாபலிபுரத்துக்கும் ஊட்டிக்கும் ஸ்கெட்ச் புத்தகத்தோடு போகும் நம்மவர்களுக்கும் நேர்வது இதுதான். (ஊட்டி ஏரியே 1820களில் ஜான் சல்லிவன் வெட்டவைத்தது. 'இயற்கைக் காட்சி' என்று வரைகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?)

சென்னையில் இதற்கு மாற்றாக ஒரு மரபு இருக்கத்தான் செய்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. 1929 முதல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைவராக இருந்த காலத்தில் மாணவர்கள் பலகையும் நீர்வண்ணப் பெட்டியுமாக வெளியே போய் வரைந்தார்கள். தந்தித் துறை வேலையை விட்டுவிட்டு 1936இல் அங்கே சேர்ந்த கே.சி.எஸ். பணிக்கர் முதலில் பெயர் வாங்கியது, தான் வளர்ந்த கேரளத்துக் கால்வாய், தோணி, தென்னந்தோப்பு ஆகியவற்றை நீர்வண்ணத்தில் பிடித்ததற்காகத்தான். சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை 1966இல் உருவாக்கியவர் என்றே அவரைப் பலருக்கும் தெரியும். அதற்கு முந்தைய அந்தக் கால்வாய்ப் படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. சாந்திநிகேதனில் வினோத் பிஹாரி முகர்ஜி, சிறுவயதிலிருந்தே பார்வைக் குறைவோடு, பீர்பூம் மாவட்டத்து வறண்ட செம்மண்ணையும் குட்டையையும் 1940இல் மாணவர் விடுதிக் கூரையின் உட்புறம் முழுக்க வரைந்தார். சுற்றுலாப் பயணி ஒருவரும் நின்று பார்க்காத நிலம் அது.

பார்வை என்றதும் மதுரைக்காரர் மனோகர் தேவதாஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தொழிலால் வேதியியலாளர், சென்னையில் பேட்டரி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். முப்பதுகளில் விழித்திரை நோய் பிடித்துக்கொண்டது. ஓரப்பார்வை முதலில் போய், குழாய் வழியே பார்ப்பது போல நடுப்பார்வை மட்டும் மிஞ்சும் நோய் அது. 1972இல் ஒரு சாலை விபத்தில் மனைவி மகிமா கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். இத்தனைக்கும் நடுவில் அவர் கறுப்பு மையும் பேனாவுமாக வரைந்துகொண்டே இருந்தார். எதை? மதுரையை. தான் சிறுவனாகத் திரிந்த தெருக்களை, கோபுரம் தெரியும் கூரைகளை, நீச்சலடித்த கிணற்றை. மதுரைக்குப் போய்ப் பார்த்தும், பார்க்க முடியாததை நினைவிலிருந்து மீட்டும் வரைந்தார். கனத்த லென்ஸை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக, கோடு கோடாக அந்த வேலை நடந்தது. 1940, 50களின் மதுரையைச் சொல்லும் 'கிரீன் வெல் இயர்ஸ்' நாவலும், 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' ஓவிய நூலும் அப்படி வந்தவை. 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022 டிசம்பரில், 86 வயதில் காலமானார். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற நாம் தினமும் பஸ்ஸில் கடக்கும் தெருவில் மூன்று கட்டடத்தை நினைவிலிருந்து வரிசையாகச் சொல்ல முடிகிறதா?

இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, பிறகு எதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். தென்காசியில் நின்று மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துவிட்டு, அதையே செல்போனில் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வானத்தை அடைத்துக்கொண்டு நின்ற மலை, திரையில் ஒரு கோடாகச் சுருங்கிப்போயிருக்கும். செல்போனில் இருப்பது அகன்ற கோண லென்ஸ். அது தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கிவிடும். நிழலையும் கருப்பாக்கிவிடும், அதற்குள் இருக்கும் நீலமும் ஊதாவும் காணாமல் போகும். அந்தப் படத்தைப் பார்த்து வரைபவர் மலையை வரைவதில்லை, லென்ஸின் குறையை வரைகிறார்.

நேரில் பார்ப்பதில் என்ன கிடைக்கும்? தூத்துக்குடி உப்பளத்துக்குக் காலை ஆறரை மணிக்குப் போனால் போதும். தூரத்திலிருந்து ஒரே வெள்ளையாகத் தெரிகிற இடம் அது. வரப்பில் இறங்கி நடந்தால் பாத்திக்குப் பாத்தி நிறம் மாறுகிறது. புதிதாக நீர் பாய்ச்சிய பாத்தி வானத்தை அப்படியே காட்டும். வெயிலில் காய்ந்து அடர்த்தி ஏறிய பாத்தியில் நீர் மங்கிய ரோஜா நிறத்துக்குப் போயிருக்கும். உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் செய்கிற வேலை அது. உப்பு பூக்கத் தொடங்கிய பாத்தியில் பாலாடை போல ஒரு படலம். நீளக் கம்பில் பலகை பொருத்திய வாரியால் ஆட்கள் உப்பை வரப்புக்கு இழுக்கிறார்கள். குவித்துவைத்த அம்பாரமாவது வெள்ளையா என்றால் அதுவும் இல்லை: கிழக்குப் பக்கம் இளமஞ்சள், நிழல் பக்கம் நீலம். உப்பு வெள்ளைதானே என்று தாளை வெறுமனே விட்டுவிடுபவர் இன்னும் உப்பளத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவும் ஒன்றரை மணி நேரத்துக்குத்தான். எட்டு மணிக்கு மேல் வெயில் எல்லாவற்றையும் ஒரே வெளுப்பாக்கிவிடும், கண்ணும் கூசும்.

பச்சையிலும் இந்தக் கதைதான். கடையில் வாங்கும் 'சாப் கிரீன்' ட்யூப் ஒன்றை வைத்துக்கொண்டு தமிழ்நாடு முழுவதையும் பூசிவிடுகிறார்கள். நாற்றங்காலின் பச்சையில் பாதி மஞ்சள். நட்டு ஒரு மாதம் ஆன வயலின் பச்சை அதற்குப் பங்காளி முறை. பனையோலை சாம்பல் பூத்த பச்சை. ராமநாதபுரத்துச் சாலையோரச் சீமைக் கருவேலத்தின் பச்சையில் புழுதியும் சேர்த்தி. பங்குனியில் துளிர்க்கும் வேம்பு கொஞ்ச நாள் பச்சையே இல்லை, செம்பு. இதையெல்லாம் இரண்டு நாள் டூரில் கற்றுக்கொள்ள முடியாது. ஒரே மரத்தை ஆண்டு முழுக்கக் கடந்துபோகிறவருக்குத்தான் தெரியும்.

தொல்காப்பியத்தில் ஐந்திணைக்கும் நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. குறிஞ்சிக்கு நள்ளிரவு, முல்லைக்குக் கார்கால மாலை, மருதத்துக்கு விடியல், நெய்தலுக்குப் பொழுது சாயும் நேரம், பாலைக்கு வேனில் நண்பகல். இலக்கண மாணவருக்கு இது மனப்பாடப் பகுதி. வண்ணப்பெட்டியோடு வெளியே போகிறவர்களுக்கு, எந்த இடத்துக்கு எப்போது போக வேண்டும் என்ற நேர அட்டவணை. அறுவடை முடிந்த வயலை நண்பகலில் போய்ப் பார்த்துவிட்டு "இங்கே வரைய ஒன்றுமில்லை" என்று திரும்புகிறவர்கள் விடியற்காலையில் ஒருமுறை போயிருக்கலாம்.

வெளியே உட்கார்ந்து வரைவது நம் நாட்டில் சுலபம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சித்திரை வெயிலில் நீர்வண்ணம் ஒரு பட்டை இழுப்பதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். ஐப்பசியில் ஒரு மணி நேரமானாலும் காயாது. கிராமத்தில் ஸ்டூலைப் போட்டதும் கூட்டம் கூடும். "சர்வே எடுக்கிறீங்களா சார்? பைபாஸ் வருதா?" என்று ஒருவர் கவலையோடு கேட்பார். நகரத்தில் காவலாளி வந்து அனுமதி இருக்கிறதா என்பார். பெண்கள் தனியாக உட்கார்ந்து வரைவதில் உள்ள தொல்லை தனி. இதற்காகத்தான் பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் சேர்ந்து கோயில் குளத்தடியிலோ பழைய மார்க்கெட்டிலோ உட்கார்ந்து வரையும் குழுக்கள் உருவாகியிருக்கின்றன. அமெரிக்காவின் சியாட்டிலில் செய்தித்தாள் ஓவியராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இயக்கம் இப்படித்தான் உலகமெங்கும் பரவியது. சொந்த ஊரோ போன ஊரோ, நேரில் பார்த்து வரை என்பதுதான் அதன் அடிப்படை விதி.

பெரியவர்கள் குழு சேர்ந்து சமாளித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில்தான் காரியம் கெட்டுக் கிடக்கிறது. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டு இல்லை, எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்துவிட்டது. இருக்கிற ஓவியப் பாடவேளையையும் தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார். 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் ஓவியப் போட்டி இருப்பது நல்ல விஷயம். ஆனால் மூடிய அறைக்குள் தலைப்பைக் கொடுத்து வரையச் சொன்னால், மனப்பாடம் செய்த படம்தான் வரும். கட்டுரை மனப்பாடம் செய்வது போலப் படத்தையும் மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.

பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை நிரந்தரமாக்குவது அரசு செய்ய வேண்டிய வேலை, அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது. அதுவரை தலைமையாசிரியர்கள் தங்கள் அளவில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஜூன் மாதம் பாட அட்டவணை போடும்போது, மாதத்துக்கு ஒரு ஓவியப் பாடவேளையை முதல் மணி நேரத்தில் வையுங்கள். பிள்ளைகளை வகுப்பறையிலிருந்து வெளியே கூட்டிவந்து, கைபம்பு, சைக்கிள் நிறுத்துமிடம், மதில், எதிரே இருக்கும் டீக்கடை, எது கண்ணில் படுகிறதோ அதைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். பென்சிலும் பழைய நோட்டின் மிச்சத் தாளும் போதும். இதற்குத் தனி நிதியோ அரசாணையோ தேவையில்லை.